அழுத்தாதீர்கள், பால் தானே இறங்கும்

சிங்கப்பூர் சைனாடவுனில் மாரியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள பகோடா தெரு, டெம்பிள் தெருக் கடைவீடுகள் இன்று சுற்றுலாப் பயணிகளுக்கானவை. 1930களில் இந்த வட்டாரக் கடைவீடுகளின் மேல்மாடிகளைப் பலகைத் தடுப்புகளால் அறை அறையாகப் பிரித்து, அறைக்கு ஒரு குடும்பமாகக் குடியிருந்தார்கள். காற்று வராத அப்படியோர் அறையில் பிள்ளை பெற்றவளுக்குப் பால் கட்டிக்கொண்டால் ஓடி வந்தது மருத்துவச்சியோ, அடுத்த அறைப் பாட்டியோதான். சுடுநீர் ஒத்தடம், எண்ணெய் தடவிக் கட்டி கரையும்வரை அழுத்தி நீவுவது, கடைசிச் சொட்டுவரை பீய்ச்சுவது: சீனர் வீட்டிலும் மலாய் வீட்டிலும் நம் வீட்டிலும் வைத்தியம் ஏறக்குறைய இதுவே. தாய் அலறினாலும் கை நிற்காது.

கட்டி மறுபடி மறுபடி வந்தால், வலி பொறுக்காமல் பாலை நிறுத்தியவளுக்கு டின் பால் தயாராக இருந்தது. இனிப்பூட்டிய கெட்டிப்பால் குழந்தைக்கு ஏற்றது என்று விளம்பரம் செய்யப்பட்ட காலம் அது. அதைக் குடித்த சிசுக்கள் நோஞ்சானாகிச் சாவதைக் கண்ட மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ‘பாலும் கொலையும்’ என்ற தலைப்பிலேயே பேசினார். பின்னர் ஜப்பானியர் ஆட்சியில் அவரே சாங்கி சிறையில் அடைபட்டார். அங்கே பிறந்த இருபது குழந்தைகளும் தாய்ப்பால் குடித்தன, இருபதும் பிழைத்தன என்பது அவர் விட்டுச்சென்ற சாட்சியம். பால் கட்டுவதைச் சின்ன உபாதை என்று யாராவது ஒதுக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இருபது நினைவுக்கு வரும். தாய் பால் கொடுப்பதை நிறுத்துவது பல நேரம் இந்த வலியில்தான் தொடங்குகிறது.

இன்று தேக்காவை ஒட்டிய கேகே மருத்துவமனையிலும், சைனாடவுனுக்குப் பக்கத்திலேயே ஊட்ரம் பகுதியிலுள்ள பொது மருத்துவமனையிலும் பாலூட்டலுக்கென்றே ஆலோசகர்கள் இருக்கிறார்கள். 2008 முதல் சம்பளத்துடன் கூடிய பேறுகால விடுப்பு 16 வாரமாகியிருக்கிறது. ஆனால் வலி பழைய வலிதான். அதற்குப் புதிய காரணம் ஒன்றும் சேர்ந்திருக்கிறது: பம்ப். வேலைக்குத் திரும்பும் நாளை நினைத்து, குழந்தை குடித்த பிறகும் பம்ப் வைத்துப் பாலெடுத்து உறைபெட்டியை நிரப்புகிறார்கள். எடுக்க எடுக்க மார்பு இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. சுரப்பு மிஞ்சினால் மறுபடி கட்டுகிறது.

மருத்துவம் இதில் தன் பேச்சையே மாற்றிக்கொண்டது. 2022இல் பாலூட்டல் மருத்துவக் கழகம் என்ற சர்வதேச மருத்துவர் அமைப்பு வெளியிட்ட நெறிமுறை, ஒரு குழாயில் பால்கட்டி அடைத்துக்கொள்கிறது என்ற பழைய விளக்கத்தைக் கைவிட்டது. பால் நாளங்கள் எண்ணற்றவை, ஒன்றோடொன்று பின்னியவை. சுற்றியுள்ள திசு வீங்கி அவற்றை நெரிப்பதால்தான் பால் தேங்குகிறது. அழுத்தினால் திசு காயப்பட்டு வீக்கம் கூடும். நாம் வைத்தியம் என்று செய்ததே அடுத்த கட்டிக்கு வழி செய்திருக்கிறது!

ஆகவே இப்போது சுடுஒத்தடத்தைவிடக் குளிர் ஒத்தடமே முதன்மை. நீவுவதானால் தோலை மட்டும் தொட்டு, அக்குள் பக்கமாக மெல்ல வருட வேண்டும். குழந்தை கேட்கும்போது கொடுத்தால் போதும்; காலியாக்கத் துடிக்க வேண்டாம். மார்பை இறுக்கும் உள்ளாடையும் ஆகாது. வலிக்கு மருத்துவரைக் கேட்டு மாத்திரை எடுக்கலாம்.

பழையதெல்லாம் தவறு என்று நான் சொல்லவில்லை. நம் பெண்கள் மார்பில் மல்லிகைச் சரம் கட்டுவார்கள். அது பால் சுரப்பைக் குறைப்பதை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வு 1988இல் காட்டியது. (பால் வேண்டும் என்பவர்கள் அதனாலேயே யோசித்துக் கட்ட வேண்டும்.) அதைவிடப் பெரியது, நம் பத்தியமும் சீனர்களின் ஒரு மாதப் பேறுகாலக் காப்பும் தாய்க்குக் கொடுத்த ஓய்வு. அது இன்றைக்கும் மருந்துதான்.

மகளுக்கோ மருமகளுக்கோ துணை நிற்கும் அம்மாக்களே, மார்பை அழுத்தாதீர்கள். அவள் தூங்கும்வரை பிள்ளையைத் தோளில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் கடந்தும் காய்ச்சலோ சிவப்போ தணியாவிட்டால், கட்டி பல நாளாகக் கரையாவிட்டால், உடனே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்தச் சொல்லாதீர்கள். அந்தப் பால் குழந்தைக்குக் கெடுதல் செய்யாது.