வழித்துணை – 14: மாசி மகமும் மார்ச் பரீட்சையும்

1887-இல் செங்கல்பட்டில் தொடங்கிய சீர்திருத்தப் பள்ளி, 2022 டிசம்பர் 31 அன்று அதே ஊர்க் கூர்நோக்கு இல்லத்தில் இறந்துபோன 17 வயதுப் பையன், கைதான பணியாளர்கள், ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு. போன வாரம் இதுவரை வந்திருந்தோம். விட்டுப்போனவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் பணியாளர் பயிற்சியைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். இளைஞர்களுக்கு வழிகாட்டும் நன்னடத்தை அலுவலருக்கும் ஆற்றுப்படுத்துநருக்கும் விடுதிக் காப்பாளருக்கும், தங்கள் எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் சனத்தைப் பற்றி என்ன சொல்லித் தருகிறார்கள் என்பது கேள்வி. குறிப்பெல்லாம் எடுத்தாயிற்று. ஆனால் நாட்காட்டியைப் புரட்டியபோது கண்ணில் பட்ட ஒரு தேதி மற்ற எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டது.

2025-இல் மாசி மகம் மார்ச் 12. அந்த ஆண்டு பிளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச் 3-இல் தொடங்கி 25 வரை நடந்தது.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் மாசி நிலவுக்கு மாமல்லபுரம் கடற்கரையைப் பார்த்திராதவர்கள். வட தமிழகத்து இருளர்கள் அங்கேதான் வந்து சேர்வார்கள். செய்யூர், மதுராந்தகம், திருக்கழுக்குன்றம் பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்தும், திருவள்ளூர், விழுப்புரம், வேலூரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருவார்கள். கடற்கரைக் கோயிலுக்குப் பக்கத்து மணலில் கம்பு நட்டு, புடவையைச் சுற்றிக் கட்டினால் கூடாரம் தயார். அடுப்பு மூட்டிச் சமைத்து, இரவெல்லாம் அங்கேயே தங்குவார்கள். அவர்கள் தெய்வம் கன்னியம்மா. கோபித்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்ட அவளைச் சமாதானப்படுத்தித் திரும்ப அழைத்துப்போக வருகிறார்கள். விடிவதற்கு முன்பே ஈர மணலில் ஏழு படி பிடித்துப் பூவும் பழமும் தேங்காயும் வைத்துக் கும்பிடுவார்கள். சிலருக்கு அருள் வரும். மொட்டை, காதுகுத்து, பெயர் வைப்பது எல்லாம் அங்கேயே. கல்யாணமும் அந்த மணலில்தான். அடுத்த கல்யாணத்துக்கான பேச்சும் அங்கேயே ஆரம்பமாகும். வருடம் முழுக்க அரிசி ஆலையிலும் சூளையிலும் மரம் வெட்டும் வேலையிலும் சிதறிக் கிடக்கும் சொந்தங்கள் ஒன்றையொன்று முகம் பார்க்கும் நாள் அது.

தேதி ஆண்டுக்கு ஆண்டு முன்பின் நகரும். 2023-இல் மார்ச் முதல் வாரம். 2024-இல் பிப்ரவரி 24. செய்முறைத் தேர்வு, திருப்புதல் தேர்வு, பொதுத்தேர்வு என்று ஏதாவது ஒன்றின் மேல் விழாமல் அது போவது அபூர்வம். பொதுத்தேர்வுக்குப் பையனைக் காணோம் என்றால் பள்ளியிலிருந்து எழுதப்படும் வரி நமக்குத் தெரியும்: பெற்றோருக்குக் கல்வியில் அக்கறை இல்லை. தேர்வு அட்டவணை போடும் மேசையில் பொங்கலும் ரம்ஜானும் ஈஸ்டரும் இருக்கும். கன்னியம்மாவுக்கு அந்த மேசையில் யார் பேசுவது? மாசி மகம் இருளருக்கு மட்டும் உரியது என்று நான் சொல்லவில்லை. கோயில்களில் தீர்த்தவாரி நடக்கும் நாள்தான். நமக்கு அது காலையில் போய் மதியம் திரும்பிவிடும் விசேஷம். அவர்களுக்கு ஊரே பெயர்ந்து போகிற நாட்கள்.

ஓய்வுபெற்ற நன்னடத்தை அலுவலர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். "மாசி மகம் கிடக்கட்டும் சார். சாதாரண நாள்லயே என்ன நடக்குதுன்னு கேளுங்க. சமூக விசாரணை அறிக்கைக்குச் சட்டம் குடுக்கிறது பதினைஞ்சு நாள். அதுல வீட்டுக்குப் போறது ஒரு நாள். போற நேரம் பகல் பதினோரு மணி. அப்போ இருளர் வீட்ல யார் இருப்பாங்க?" வரப்பில் எலி வெட்டப் போனவரும் தோப்புக் காவலுக்குப் போனவரும் ஆபீஸ் நேரம் பார்த்து வீட்டில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். பூட்டக்கூடக் கதவில்லாத குடிசை, ஒரு கிழவி, நான்கு குழந்தைகள். அறிக்கையில் "போதிய கண்காணிப்பு இல்லை" என்று ஏறும். பையனை வீட்டுக்கு அனுப்புவதா இல்லத்தில் வைப்பதா என்று இளைஞர் நீதிக் குழுமம் யோசிக்கும்போது அந்த வரிதான் பேசும். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமோ நிறுவனத்தில் வைப்பதைக் கடைசி வழி என்கிறது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் கடிதம் வரும். ஒரு சனத்தின் வழக்கத்தைத் தெரிந்துகொண்டால் எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டியதில்லை. அந்தக் கடற்கரையில் பேசப்படும் சம்பந்தங்களில் பெண்ணுக்குப் பதினெட்டு ஆகவில்லை என்றால், 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் அங்கேயும் உண்டு. ஆனால் போலீஸ் ஜீப்போடு முதல்முறையாக அந்த மணலில் இறங்கும் அலுவலரின் பேச்சும், மூன்று வருடமாக வந்து கூடாரத்தில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போகிற அலுவலரின் பேச்சும் ஒரே மாதிரி எடுபடாது.

பயிற்சிக்கு வருகிறேன். அமெரிக்காவில் டெரால்ட் விங் சூ என்ற உளவியலாளரும் சகாக்களும் 1982-லும் மறுபடி 1992-லும் இதற்கு ஒரு சட்டகம் வகுத்தார்கள். ஆற்றுப்படுத்துபவருக்குத் தன் சாய்வுகளைப் பற்றிய விழிப்பு, எதிரே இருப்பவரின் உலகத்தைப் பற்றிய அறிவு, இரண்டையும் வைத்து வேலை செய்யும் திறன் ஆகிய மூன்றும் வேண்டும் என்றார்கள். பயிற்சிக் கையேடுகள் இன்றும் இதை வெவ்வேறு சட்டை மாட்டித்தான் தருகின்றன. சிக்கல் நடுவில் இருக்கும் அறிவில். 1998-இல் மெலனி டெர்வலான், ஜான் மர்ரே-கார்சியா என்ற இரு மருத்துவர்கள் எழுதிய கட்டுரையில் ஒரு சம்பவம் வருகிறது. அறுவை சிகிச்சை முடிந்த லத்தீன் அமெரிக்கப் பெண் வலியில் முனகுகிறார். அதே இனத்து மருத்துவர் ஒருவர் அதைச் சுட்டிக்காட்டியும் நர்ஸ் கண்டுகொள்ளவில்லை. இந்த மக்கள் வலியை மிகைப்படுத்துவார்கள் என்று படிப்பில் சொல்லித் தந்திருக்கிறார்களாம். அந்த நர்ஸ் கறுப்பினப் பெண்.

நம்மூரில் அந்த நர்ஸுக்கு நிகர், இருளர் பையனைக் கண்டதும் பாம்பைப் பற்றி விசாரிக்கும் வழிகாட்டி. அவனுக்கு ஐடிஐயில் ஏ.சி. மெக்கானிக் படிப்பில் சேர ஆசை இருக்கலாம். பாம்பைக் கண்டால் நடுங்குபவனாகவும் இருக்கலாம்.

சினிமாவும் கொஞ்சம் குழப்பியிருக்கிறது. ‘ஜெய் பீம்’ வெளியான 2021 நவம்பர் 2-க்குப் பிறகு இருளர் என்ற பெயர் எல்லா வீட்டுக்கும் போனது. நல்லதுதான். ஆனால் படத்துக்கு ஆதாரமான 1993-ஆம் ஆண்டு வழக்கில் லாக்கப்பில் செத்த ராஜாகண்ணு குறவர். அந்த வழக்கை நடத்திய வக்கீல் சந்துருதான் பின்னால் கூர்நோக்கு இல்லங்களை ஆராய்ந்த அதே நீதிபதி. படம் வந்த மூன்றாம் நாள், தீபாவளியன்று, முதலமைச்சர் ஸ்டாலின் மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரிக்குப் போய் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாவும் சாதிச் சான்றிதழும் கொடுத்தார். கோயில் அன்னதானப் பந்தியிலிருந்து எழுப்பப்பட்டதாக ஒரு நரிக்குறவப் பெண் பேசிய காணொளி அதற்கு முன்பே ஊரெல்லாம் சுற்றியிருந்தது. குறவர், நரிக்குறவர், இருளர் மூவரும் வேறு வேறு சனங்கள். ஒரே மூச்சில் சொல்லிச் சொல்லி நாம் ஒன்றாக்கிவிட்டோம்.

பாம்பு என்றதும் இன்னொன்று. 1978-இல் தொடங்கி வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போனார்கள். அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க அந்த மாநில அரசு அழைத்திருந்தது. இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. இதெல்லாம் பேப்பரில் படித்திருப்பீர்கள். எனக்குப் பிடித்தது அந்தச் செலவுக் கணக்குதான். 68,888 டாலர். அதில் இரண்டு மொழிபெயர்ப்பாளர்களும் அடக்கம். புதருக்குள் பாம்பின் தடம் பார்க்க வந்த இரண்டு பேர் சொல்வது புரியாமல் போய்விடக் கூடாது என்று ஒரு மாநில அரசு ஆள் வைத்திருக்கிறது.

நம் 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. விசாரணையில் பேசப்படும் மொழி பிள்ளைக்குப் புரியவில்லை என்றால் குழுமம் மொழிபெயர்ப்பாளரைத் தர வேண்டும். செங்கல்பட்டு இருளர் பையனுக்குத் தமிழ் போதும். நரிக்குறவர் வீட்டுக் குழந்தை அம்மாவோடு பேசுவது வாக்ரிபோலி. பொங்கலை ஒட்டி ஒடிசாவிலிருந்து சூளைக்கு வந்து இறங்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு ஒடியாதான் தெரியும். இவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் எங்கிருந்து வருகிறார், யார் சம்பளம் தருகிறார் என்பதையெல்லாம் இன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். ஆசிரியர் இரண்டு முறை போன் செய்துவிட்டார், பக்கமும் நிறைந்துவிட்டது. அடுத்த வாரம் சூளைக்குப் போகலாம். அதற்குள், வாக்ரிபோலி பேசத் தெரிந்த ஆற்றுப்படுத்துநர் யாராவது தமிழ்நாட்டில் எங்காவது வேலையில் இருப்பதாகத் தெரிந்தால் இதழ் முகவரிக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.