பூனைக்குட்டியைத் தாயிடமிருந்து எப்போது பிரிக்கலாம்?

(பி.எஸ்ஸி., இரண்டாம் ஆண்டு)

திருத்தணியைச் சுற்றியுள்ள நெசவாளர் குடும்பங்களில் பூனை வளர்ப்பது பெரும்பாலும் ஆசைக்காக அன்று, அவசியத்திற்காகவே. கஞ்சி போட்ட பாவு எலிக்குத் தின்பண்டம். ஓர் இரவில் எலி கடித்த இழைகளை முடிந்து சேர்க்க மறுநாட் பகல் முழுதும் போய்விடும். ஆகவே, ஒரு வீட்டில் பூனை குட்டி போட்டிருக்கிறது என்று தெரிந்துவிட்டால் "எங்களுக்கு ஒன்று எடுத்து வையுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போவோர் பலர். குட்டியைக் கொடுப்பதா வேண்டாமா என்பது எங்களிடம் கேள்வியே அன்று. எப்போது கொடுப்பது என்பதுதான் கேள்வி. அதற்கு நம் பக்கத்தில் வழிவழியாக வழங்கிவரும் விடை, "கண் திறந்தால் கொடுத்துவிடலாம்" என்பதாகும். இவ்விடை பிழையானது என்பதை நான் புத்தகத்தில் படித்து அறியுமுன் ஒரு குட்டி செத்து அறிவித்தது.

எங்கள் வீட்டில் விசைத்தறி வந்த பிறகு பழைய தறிக்குழி மூடப்படாமல் கிடக்கிறது. கிழிந்த சாக்கும் உடைந்த தார்க்கட்டைகளும் போட்டு வைத்த அந்தக் குழியில், நான் பிளஸ் டூ படித்த ஆண்டில், எங்கள் பூனை நான்கு குட்டிகளை ஈன்றது. பத்தாம் நாள் எல்லாக் குட்டிகளுக்கும் கண் திறந்துவிட்டது. "கண்ணு தொறந்தாச்சு, கேட்டவங்களுக்குக் குடுத்துடு. இல்லன்னா ஏழு வீடு தூக்கிக்கினு பூடும்" என்றார் அம்மா. நகரியில் இருக்கும் அத்தை கேட்டிருந்தார். (1960-ஆம் ஆண்டில் திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது, நகரி ஆந்திரத்தில் நின்றுவிட்டது. உறவுகள் மட்டும் இன்னும் இரு பக்கமும் இருக்கின்றன.) பதினாறாம் நாள் ஒரு சாம்பல் நிறக் குட்டியைத் துணிப்பையில் வைத்துப் பேருந்தில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அத்தை அதைப் "பில்லி பில்ல" என்று தெலுங்கில் கொஞ்சிப் பஞ்சால் பசும்பால் புகட்டினார். மூன்றாம் நாள் இரவு அது இறந்துவிட்டது. வயிறு உப்பியிருந்ததாகவும், பால் ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்றும் சொன்னார். அவர் மீது குற்றமில்லை. எடுத்துக்கொண்டு போனவன் நான்.

என்ன நடந்திருக்கும் என்பதைப் பிறகு படித்தபோதுதான் ஓரளவு விளங்கியது. பிறந்து மூன்று வாரம் வரையில் பூனைக்குட்டியால் தானாகச் சிறுநீரோ மலமோ கழிக்க இயலாது. தாய்ப்பூனை அடிவயிற்றையும் பின்புறத்தையும் நக்கித் தூண்டினால்தான் அவை வெளியேறும். தாய் நக்குவது வெறும் சுத்தத்திற்காக என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். தாயில்லாக் குட்டியை வளர்ப்போர் ஒவ்வொரு முறை பால் கொடுத்த பின்னும் வெந்நீரில் நனைத்த துணியால் அவ்விடத்தை மெல்லத் துடைத்துவிட வேண்டும். இதை அத்தையும் அறியார், நானும் அறியேன்.

இரண்டாவது காரணம் குளிர். ஏறக்குறைய நான்கு வாரம் வரையில் குட்டி தன் உடற்சூட்டைத் தானே சரியாகக் காத்துக்கொள்ள முடியாது. தாயின் வயிறும் உடன்பிறந்த குட்டிகளின் உடம்பும்தான் அதற்குப் போர்வை. மூன்றாவது, பால். பூனைப் பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலில் இருப்பதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. பசும்பாலோ பல குட்டிகளுக்குக் கழிச்சலை உண்டாக்கும். நூறு, இருநூறு கிராம் எடையுள்ள உயிருக்குக் கழிச்சல் கண்டால், ஒரே நாளில் உடம்பின் நீர் வற்றிவிடும். படங்களிலெல்லாம் பூனையையும் பால் கிண்ணத்தையும் சேர்த்தே வரைந்து நம்மைப் பழக்கிவிட்டார்கள்.

அம்மா சொன்ன "ஏழு வீடு" பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தாய்ப்பூனை குட்டிகளை இடம் மாற்றுவது உண்மையே. ஏழு என்பதுதான் கணக்கு இல்லை. படுக்கை அழுக்கானாலும், ஆள் நடமாட்டம் மிகுந்தாலும், கடுவன் பூனை மோப்பம் பிடித்து வந்தாலும் அது இடம் மாறும். கடுவன்கள் குட்டிகளைக் கொல்வதும் உண்டு. பிடரியைத் தாய் கவ்வியவுடன் குட்டி கால்களை மடக்கி அசையாது தொங்குகிறது. வைணவத்தில் தென்கலையார் கூறும் மார்ச்சார நியாயம் இதிலிருந்து பிறந்ததே. வடகலையாருடையது குட்டியே தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்கின் நியாயம். மலைமேல் குரங்கும் மலையடியில் பூனையும் நிறைந்த நம் ஊரில் இரண்டையும் நேரிலேயே காணலாம். ஆனால் நாம் அப்படிப் பிடரியைப் பிடித்துத் தூக்கலாகாது. குட்டி வளர வளர அதன் எடை முழுவதும் அந்தத் தோலில் தொங்கும்.

சரி, எப்போதுதான் கொடுக்கலாம்? எட்டு வாரத்திற்கு முன் கூடாது. பத்து வாரம் நல்லது. இதுதான் நான் படித்ததையும் பார்த்ததையும் சேர்த்து வந்த முடிவு. நாய்க்குட்டிகளை எட்டு வாரத்திற்கு முன் விற்கக்கூடாது என்று 2017-இல் நம் நாட்டில் விதியே வந்திருக்கிறது. பூனைக்கு இன்னும் கூடுதலாகக் காத்திருக்கச் சொல்வோரும் உண்டு. ஃபின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தார் 5,700-க்கு மேற்பட்ட பூனைகளைப் பற்றி வளர்ப்போரிடம் கேட்டு, 2017-இல் வெளியிட்ட ஆய்வில், எட்டு வாரத்திற்கு முன் தாயைப் பிரிந்தவை பிற்காலத்தில் அதிகம் சீறிக் கடிக்கின்றன என்றும், பதினான்கு வாரம் வரை விட்டுவைப்பதே நலம் என்றும் கண்டனர். அவர்கள் நாட்டுப் பூனைகள் வீட்டுக்குள் இருப்பவை. தெருநாயும் லாரியும் உள்ள நம் தெருவில், ஓடித் திரியும் குட்டிகளைப் பதினான்கு வாரம் காப்பது எல்லோர்க்கும் இயலாது. அதனால்தான் பத்து என்கிறேன்.

எலி பிடிப்பதற்காகவே குட்டி கேட்பவர்களுக்கு வேறொரு செய்தியைச் சொல்லலாம். 1930-இல் குவோ என்ற சீன உளவியல் அறிஞர் ஒரு சோதனையை வெளியிட்டார். எலி கொல்லும் தாயைப் பார்த்து வளர்ந்த 21 குட்டிகளில் 18 எலியைக் கொன்றன. தனியே வளர்க்கப்பட்ட 20 குட்டிகளில் 9 மட்டுமே கொன்றன. எலியோடு கூடவே வளர்க்கப்பட்ட 18 குட்டிகளிலோ 3 தான். நான்கு வாரத்திற்கு மேல் தாய்ப்பூனை முதலில் செத்த எலியையும், பிறகு குற்றுயிரான எலியையும் கொண்டுவந்து குட்டிகள் முன் போடுகிறது. எங்கள் தறிக்குழியில் இந்தப் பாடம் நடந்ததை நான் கண்டிருக்கிறேன்; வாசனைதான் தாங்காது. இந்தப் பாடத்திற்கு முன்பே குட்டியைத் தூக்கிச் சென்றுவிட்டு, பிறகு "இது எலியைப் பார்த்தால் ஒதுங்கிப் போகிறது" என்று குறை சொல்வதில் பொருளில்லை.

தாயிடம் விட்டுவைப்பது என்றால் தொடாமலே விட்டுவைப்பது என்று கொள்ளக்கூடாது. இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரையில்தான் பூனைக்குட்டி மனிதரைப் பழகிக்கொள்கிறது என்பதை 1980-களில் அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஐலீன் கார்ஷ் என்பவர் ஆராய்ந்து காட்டினார். அந்த நாட்களில் மனிதக் கை படாத குட்டி, நல்ல வீட்டுக்குப் போனாலும் கட்டிலடியில்தான் வாழும். ஆகவே பழக்க வேண்டிய பொறுப்பு வாங்குபவரைவிடக் கொடுப்பவருக்கே அதிகம்.

பிறந்த நாள் தெரியாத குட்டியாயின் எப்படி அறிவது? முதலில் கண்ணைப் பாருங்கள். எல்லாக் குட்டிகளின் கண்ணும் தொடக்கத்தில் மங்கிய நீலமாக இருக்கும். ஆறு, ஏழு வாரமளவில்தான் அது மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறத் தொடங்கும். நீலம் மாறாத குட்டி பெரும்பாலும் கொடுக்கத் தகாத குட்டி. பிறகு பற்கள். முன்பற்கள் மூன்றாம் வாரத்தில் முளைக்கும். பாற்பற்கள் இருபத்தாறும் நிறைய எட்டு வாரம் ஆகும். வாயைத் திறந்து காட்டக் குட்டி சம்மதிப்பது வேறு விஷயம். மூன்றாவதாகத் தாயின் நடத்தை. குட்டிகள் பாலுக்கு வரும்போது அது வயிற்றைத் தரையோடு அழுத்திப் படுத்துக்கொள்ளும். அல்லது பரண்மேல் ஏறிவிடும். நம் வீட்டு அம்மாக்கள் வேப்பெண்ணெய் தடவுவதை அது இவ்வாறு செய்கிறது.

எடையும் பார்க்கலாம். இந்த ஆண்டு பிறந்த மூன்று குட்டிகளை வாரந்தோறும் நூல் நிறுக்கும் தராசில் நிறுத்தேன். பிறந்தபோது 90 கிராம் அளவில் இருந்தவை எட்டாம் வாரம் 700-ஐத் தாண்டின. வெளிநாட்டார் அட்டவணைகள் இரண்டு மாதத்திற்கு ஏறக்குறைய 900 கிராம் என்கின்றன. நம் நாட்டுப் பூனை உருவில் சிறிது என்பதால் அதற்காக வருந்த வேண்டியதில்லை. வாரா வாரம் கூடுகிறதா என்பதையே நோக்க வேண்டும்.

நோய்த்தடுப்பையும் இத்துடன் சேர்த்துக் கணக்கிட வேண்டும். சீம்பாலில் வந்த தாயின் எதிர்ப்புச் சக்தி ஆறு வாரத்திற்குப் பின் மெல்லக் குறைகிறது. முற்றும் குறையாதிருக்கும்போது போட்ட ஊசி பலிக்காமல் போகலாம். குறைந்தபின் போடாவிட்டால் நோய் முந்திக்கொள்ளும். அதனாலேயே முதல் தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வாரத்திற்குள் போட்டு, மூன்று நான்கு வாரத்திற்கு ஒருமுறையாகப் பதினாறு வாரம் வரை திரும்பப் போடச் சொல்கிறார்கள். வெறிநோய்த் தடுப்பூசி மூன்றாம் மாதத்தில். ஐந்தாறு மாதத்தில் பெட்டைக்குட்டி தானே கருவுற்றுவிடும் என்பதால், அதற்குமுன் கருத்தடை பற்றிக் கால்நடை மருத்துவரைக் கேட்டுவிடுவது நன்று.

கோயில் ஊராகையால் நம்மிடம் மரக்கறி உண்ணும் வீடுகள் பல. தயிர்ச்சோறு தின்னும் பூனையைப் பெருமையாகச் சொல்வார்கள். டாரின் என்ற பொருளைப் பூனையின் உடல் போதிய அளவில் செய்துகொள்ளாது. இறைச்சியிலும் மீனிலும் எலியிலுமே அது கிடைக்கும். அது இல்லாவிடில் விழித்திரை கெடும் என்று 1975-இலும், இதயத் தசை தளரும் என்று 1987-இலும் கண்டுபிடித்தார்கள். வெளியே போய் வேட்டையாடும் பூனை பிழைத்துக்கொள்ளும். கதவடைத்து வளர்க்கும் மரக்கறி வீட்டுக்குக் குட்டியைக் கொடுப்பதற்கு எனக்குத் தயக்கமுண்டு.

இந்த ஆண்டின் மூன்றில் ஒன்று பத்தாம் வாரம் அத்தை வீட்டுக்கே போயிற்று. குழியில் கிடந்த சாக்குத் துண்டு ஒன்றையும், பழகிய மணம் கூட இருக்கட்டும் என்று, சேர்த்துக் கொடுத்தேன். இரண்டாவது எதிர் வீட்டுக்கு. மூன்றாவதை நேற்று ஒருவர் கேட்டு வந்தார். நான் வாய் திறக்குமுன் அம்மாவே, "உங்க வூட்ல மீன் வாங்குவீங்களா?" என்று அவரைக் கேட்டுக்கொண்டிருந்தார்.