எஸ்எஸ்டி ஏன் மெதுவானது?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். வினாத்தாள்கள், கற்றல் காணொலிகள், மாணவர்களின் செயல்திட்டப் படங்கள் என என் பத்தாண்டு உழைப்பு வீட்டுக் கணினியில்தான் இருக்கிறது. பழைய ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு 240 ஜிபி எஸ்எஸ்டி மாட்டியபோது கணினி அரை நிமிடத்தில் தயாராகிவிடும். ஒன்றரை ஆண்டு கழித்து, அதே கணினியில் ஒரு காணொலியை நகலெடுக்கப் போட்டுவிட்டு, சாதம் வடித்துவிட்டு வந்து பார்த்தாலும் பச்சைக் கோடு பாதியில்தான் நின்றது.

கடையில் விசாரித்தேன். "எஸ்எஸ்டி போயிடுச்சு, புதுசு போட்டுடலாம்" என்றார்கள், கணினியைத் திறந்துகூடப் பார்க்காமல். அந்த வாரம் என் முன்னாள் மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். சிப்காட் தொழிற்சாலை ஒன்றில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறார். "டீச்சர், மெஷின் நின்னா நாங்க முதல்ல மீட்டரைத்தான் எடுப்போம். அளக்காம எதையும் கழட்ட மாட்டோம்" என்றார். வகுப்பில் நான் சொல்வதுதான்!

அளப்பதற்கும் முன்னால் எல்லாவற்றையும் ஒரு வெளி ஹார்டு டிஸ்கில் நகலெடுத்து வைத்தோம். இதைத் தள்ளிப்போட வேண்டாம். ஹார்டு டிஸ்கில் தவறி அழித்த கோப்பைப் பல நேரம் மீட்டுவிடலாம். எஸ்எஸ்டியில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. காரணம் பின்னால் வருகிறது.

கிரிஸ்டல் டிஸ்க் மார்க் என்ற இலவச மென்பொருளால் அளந்தோம். பெட்டியில் வினாடிக்கு 500 எம்பிக்கு மேல் என்று போட்டிருந்தது. படிக்கும் வேகம் 265தான் வந்தது. எழுதும் வேகம் நன்றாகத் தொடங்கி 40க்குச் சரிந்தது.

ஏறக்குறைய சரிபாதி என்பதே ஒரு துப்பு. சாட்டா இணைப்பில் வினாடிக்கு 3 கிகாபிட், 6 கிகாபிட் என்று இரு வகை இன்னும் பழைய மதர்போர்டுகளில் கலந்து இருக்கும். இதில் 8 பிட் தகவலை 10 பிட்டாக மாற்றி அனுப்புவதால், பத்தால் வகுத்தால் எம்பி கணக்கு வந்துவிடும்: 300, 600. நடைமுறையில் இன்னும் சற்றுக் குறையும். என் எஸ்எஸ்டி 3 கிகாபிட் துளையில் மாட்டப்பட்டிருந்தது. கணினியை அணைத்து, மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, கேபிளைப் பக்கத்துத் துளைக்கு மாற்றினோம். படிக்கும் வேகம் 520 ஆனது.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும்: அன்றாட வேலையில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எழுதும் வேகம் அதே 40தான். நோய் வேறிடத்தில் இருந்தது.

எஸ்எஸ்டியின் உள்ளே இருப்பது ஃபிளாஷ் நினைவகம். ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா 1980களில் உருவாக்கியது. அதன் குணத்தை நம் கரும்பலகையை வைத்தே விளக்கலாம். ஒரு பள்ளியில் பல கரும்பலகைகள். எழுதும்போது வரி வரியாக எழுதலாம். அழிக்கும்போது மட்டும் ஒரு வரியை அழிக்க முடியாது, முழுப் பலகையையும்தான் துடைக்க வேண்டும். ஒரு வரியைத் திருத்த வேண்டுமானால் திருத்தியதை வேறு பலகையில் எழுத வேண்டும். பழைய பலகையைத் துடைக்கும் முன், அதில் வேண்டிய வரிகளையும் வேறிடத்தில் எழுதியாக வேண்டும். காலிப் பலகைகள் நிறைய இருக்கும்வரை சிக்கல் இல்லை. எல்லாம் நிரம்பிவிட்டால், ஒவ்வொரு புது வரிக்கும் இடம் மாற்றி, துடைத்து, பிறகே எழுத முடியும். விலை குறைந்த எஸ்எஸ்டிகள் காலி இடத்தின் ஒரு பகுதியை வேக எழுத்துக்கான தற்காலிக இடமாகவும் பயன்படுத்துகின்றன. இடம் குறைந்தால் அதுவும் சுருங்கும்.

என் எஸ்எஸ்டியில் மிச்சம் 9 ஜிபி. (240 ஜிபி வாங்கினால் விண்டோஸ் 223 என்றுதான் காட்டும். நிறுவனம் ஆயிரத்தால் பெருக்குகிறது, விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது. யாரும் நம்மை ஏமாற்றவில்லை.)

காணொலிகளில் பெரும்பகுதியை வெளி டிஸ்குக்கு மாற்றினேன், அங்கு ஏற்கெனவே இருந்த நகலைத் திறந்து சரிபார்த்த பிறகு. இன்னொரு நகல் பென்டிரைவில். நாம் ஒரு கோப்பை அழித்தால் விண்டோஸ் அட்டவணையில் அடித்துவிடுகிறது, அவ்வளவுதான். அந்த வரிகள் இனி வேண்டாம் என்பது எஸ்எஸ்டிக்குத் தெரியாது. அதைச் சொல்வதே ட்ரிம் என்ற கட்டளை. அழித்ததை மீட்க முடியாமல் போவதும் இதனால்தான். விண்டோஸ் 10இல் டிரைவின் மேல் வலது சொடுக்கு, பிராப்பர்ட்டீஸ், டூல்ஸ், ஆப்டிமைஸ் என்று போனால் எஸ்எஸ்டிக்கு ட்ரிம் அனுப்பலாம். ஹார்டு டிஸ்க் காலப் பழக்கத்தில் வேறு டீஃபிராக் மென்பொருள் எதையும் ஓட்டாதீர்கள். பயனில்லை, தேய்மானம்தான்.

இரவு முழுக்க வேலை ஏதும் கொடுக்காமல் கணினியை ஓடவிட்டேன், எஸ்எஸ்டி தன் பலகைகளைத் துடைத்துக்கொள்ள. காலையில் எழுதும் வேகம் 400ஐத் தாண்டியது. அதன்பின் 40 ஜிபிக்குக் குறையாமல் காலியாக வைத்திருக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் அளவீடு பாடத்தின்போது இந்த எண்களை எழுதிப்போட்டு, எங்கே பழுது என்று கேட்டேன். முதல் குரல், "புதுசு வாங்கிடலாம் டீச்சர்!" துளையைக் கண்டுபிடிக்க ஒரு பாடவேளை ஆனது. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "பென்டிரைவும் இப்படித்தானா?" என்றான். அதிலும் ஃபிளாஷ்தான் என்றேன். மறுநாள் ஒரு பென்டிரைவும் கைக்கடிகாரமும் எடுத்துக்கொண்டு ஆய்வக வாசலில் நின்றான்.