முதலில் புல், பிறகு வரையாடு

சாரல் விலகிய நாளில் ஆய்க்குடி வயல்வரப்பில் நின்று மேற்கே பாருங்கள். குற்றாலம் தொடங்கி வடக்கே கடையநல்லூர், புளியங்குடி வரை மலை பளிச்சென்று தெரியும். 2015இல் அறிவிக்கப்பட்ட நெல்லை வனவிலங்குச் சரணாலயம் அந்த மலைகளில்தான் இருக்கிறது.

இதே மேற்குத்தொடர்ச்சி மலையில், நீலகிரியிலிருந்து அகத்தியமலை வரை, உச்சிப் புல்வெளிகளில் வாழ்வது நம் மாநில விலங்கான வரையாடு. உலகில் வேறெங்கும் இது காட்டில் இல்லை. ஒரு காலத்தில் வாழ்ந்த இடங்களில் சுமார் 14 விழுக்காட்டில் இன்று ஓர் ஆடுகூடக் கிடையாது. அங்கே மீண்டும் கொண்டுபோய் விடுவது, தமிழக அரசு 2022 டிசம்பரில் 25.14 கோடி ரூபாயில் அறிவித்த நீலகிரி வரையாடு திட்டத்தின் நோக்கங்களில் ஒன்று.

வெள்ளாடு போலத் தெரிந்தாலும், மரபணு ஆய்வுகளின்படி இது செம்மறிக்குத்தான் நெருங்கிய சொந்தம். குளம்பைக் கவனித்தால் இதன் பிழைப்பு புரிந்துவிடும். விளிம்பு கெட்டி, நடுப்பகுதி மெத்தென்று பாறையைப் பற்றும். சிறுத்தையோ செந்நாயோ வந்தால் நம்மால் கால் வைக்க முடியாத செங்குத்துச் சரிவுக்குள் இறங்கிவிடும். மந்தை படுத்திருக்கும்போது பெரும்பாலும் ஒரு பெட்டை மட்டும் நின்று காவல் பார்க்கும். வயதான கிடாவின் முதுகில் வெள்ளி நிறத் திட்டு விழும்.

ஆகவே, மேயப் புல்லும் ஒளியப் பாறையும் அருகருகே வேண்டும். சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் வேட்டையால் அழிந்த புலியை 2008இல் வெளியிலிருந்து கொண்டுவந்தபோது காடு அப்படியே இருந்தது. இங்கே சிக்கல் வேறு. பல இடங்களில் புல்வெளியையே சீகையும் யூகலிப்டஸும் விழுங்கிவிட்டன. புல்வெளியைத் தரிசென்று எண்ணி மரம் நட்டதன் விளைவு இது. அந்த அந்நிய மரங்களை அகற்றிப் புல்லை மீட்காமல் ஆட்டை மட்டும் இறக்கிவிடுவது வீண் வேலை. பிடிப்பதும் லேசல்ல; துரத்திப் பிடிக்கும் அதிர்ச்சியிலேயே குளம்புள்ள விலங்குகள் செத்துப்போவதுண்டு. பிடித்தாலும் ஒன்றிரண்டு போதாது, மந்தையாகப் பெருகும் அளவுக்கு வேண்டும். அதனால்தான் கணக்கெடுப்பும், ரேடியோ கழுத்துப்பட்டை மாட்டி நடமாட்டம் அறிவதும், புல்வெளி மீட்பும் இதே திட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கின்றன.

2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள், 2025இல் 1,303.

வால்பாறை மலைப்பாதையில் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவுப் பக்கம் இவை சாலையோரமே நிற்கும். வண்டியை நிறுத்தி பிஸ்கட் நீட்டாதீர்கள். மனிதரை அண்டிப் பழகிய ஆடு பாறைக்கு ஓட மறந்துவிடும்.