பருத்திச் செய்தியும் நமது கணக்கும்

பேரையூர் வட்டக் கூட்டுறவு ஆய்வாளர்

நாட்டு நடப்பை அறியும் ஆவல் நம் கிராமங்களில் பெருகியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. முன்னாளில் சங்கக் கட்டடத்துத் திண்ணையில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிப்பார். பத்துப் பேர் சூழ்ந்திருந்து கேட்பார்கள். இன்றோ ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கைப்பேசி இருக்கிறது. தலைநகரில் காலையில் வெளியாகும் அறிவிப்பு, நண்பகலுக்குள் வாட்ஸ்அப் வாயிலாகப் பேரையூர்க் கரிசல் காட்டை எட்டிவிடுகிறது. செய்தி விரைந்து வருவது நன்மையே. ஆனால் வந்த செய்தியைத் தராசிலிட்டு நிறுத்துப் பார்க்கும் பழக்கமும் அதே வேகத்தில் வளர்ந்திருக்கிறதா என்பதே இங்கு நாம் எழுப்ப விரும்பும் வினா.

2025 ஆகஸ்டு மாதத்தில் வெளியான பருத்திச் செய்தியை எடுத்துக்கொள்வோம். அயல்நாட்டுப் பஞ்சின்மீது 2021 பிப்ரவரி வரவு செலவுத் திட்டம் விதித்த இறக்குமதி வரி, கூடுதல் வரிகளும் சேர்ந்து 11 சதவீதமாக இருந்தது. அந்த வரியை மத்திய அரசாங்கம் 2025 ஆகஸ்டு 19 முதல் செப்டம்பர் 30 வரை நீக்கிற்று. பின்னர் விலக்கை டிசம்பர் 31 வரை நீட்டிற்று. அதே ஆகஸ்டு 27 முதல் அமெரிக்கா நம் நாட்டுச் சரக்குகள் பலவற்றின்மீது 50 சதவீத வரி வசூலிக்கத் தொடங்கியதால், ஆடை ஏற்றுமதித் தொழில் தத்தளித்துக்கொண்டிருந்த வேளை அது. நூற்பாலையினர் விலக்கை வரவேற்றனர். விவசாயிகள் சங்கங்கள் எதிர்த்தன. இத்தகைய விலக்கு அதுவே முதன்முறையும் அன்று. 2022 ஏப்ரல் 14 முதலும் சில மாதங்களுக்கு அளிக்கப்பட்டதுண்டு.

இச்செய்தி வந்த நாட்களில் நம் வட்டத்தில் ஒரு சங்கத்தின் உறுப்பினர் கூட்டத்துக்குச் சென்றிருந்தோம். கூட்டம் முடிந்த பின்னும் இருவர் எழுந்திருக்கவில்லை. ஒருவர் மானாவாரியில் பருத்தி போடுபவர். மற்றவர் கைத்தறி நெசவாளர்.

“வெளிநாட்டுப் பஞ்சு வந்து இறங்கிவிட்டால் எங்கள் பருத்தியை யார் சீந்துவார்கள்?” என்றார் முன்னவர்.

“அது கிடக்கட்டும் அண்ணே. பஞ்சு மலிந்தால்தானே எங்களுக்கு நூல் மலியும்? நூல் விலை ஏறியபோது எங்களுக்காக யார் அழுதார்கள்?” என்றார் நெசவாளர்.

“அப்படியானால், நான் கெட்டால்தான் நீ பிழைப்பாயா தம்பி?”

நெசவாளர் விடை கூறவில்லை. இருவரும் நல்லவர்கள், ஒரே இயக்கத்தின் அங்கத்தினர்கள். ஒரு செய்தி அவர்களை எதிரெதிரே நிறுத்திவிட்டது. குடியானவரும் நெசவாளரும் சேர்ந்து படிக்கும் இவ்வேட்டில் அக்கேள்விக்கு விடை தேடுவது நம் கடமை எனக் கருதுகிறோம். சினமின்றிக் கணக்குப் போட்டால் விடை கிடைக்கும்.

கணக்கு கூறுவது என்ன?

நூறு கிலோ விதைப்பருத்தியை அரைத்தால் கிடைக்கும் பஞ்சு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அதாவது 34 கிலோ அளவு. எஞ்சியதில் பெரும்பகுதி கொட்டை. பருத்திச் சேலை ஒன்றுக்கு அரைக் கிலோ நூல் செல்வதாகக் கொள்வோம். நூற்பில் ஏற்படும் கழிவையும் சேர்த்தால் 600 கிராம் பஞ்சு வேண்டும். அதற்குத் தேவைப்படும் விதைப்பருத்தி ஏறத்தாழ ஒன்றே முக்கால் கிலோ.

இப்போது பருத்தி விலை குவிண்டாலுக்கு 1,000 ரூபாய் வீழ்ந்தது என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு ஐந்து குவிண்டால் எடுக்கும் குடியானவருக்கு 5,000 ரூபாய் நட்டம். உழவுக்கும் விதைக்கும் உரத்துக்கும் எடுப்புக் கூலிக்கும் கடன் பெற்றவருக்கு அத்தொகையே அவ்வாண்டின் ஆதாயம் முழுமையும் ஆகலாம். அவ்வீழ்ச்சியால் சேலை ஒன்றில் குறையக்கூடியது எவ்வளவு? கிலோவுக்கு 10 ரூபாய் வீதம், ஒன்றே முக்கால் கிலோவுக்கு 17 ரூபாய் 50 காசு! ஆயிரம் ரூபாய்ச் சேலையில் இது நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. ஓர் ஏக்கர் விளைச்சல் ஏறத்தாழ 285 சேலைகளுக்கு நூலாகிறது. ஒரு குடியானவரின் பெருநட்டம் 285 சேலைகளில் சிதறிக் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துபோகிறது.

அந்தப் பதினேழரை ரூபாயாவது நெசவாளரின் கையைச் சேருமா? நம் சங்கங்களில் நூலைக் கொடுப்பது சங்கம். நெசவாளர் பாவும் ஊடையும் எடையிட்டுப் பெற்று, சேலையாக நெய்து கொடுத்து, சேலைக்கு இவ்வளவு எனக் கூலி பெறுகிறார். நூல் மலிந்ததற்காகக் கூலி உயர்வதில்லை. மேலும், பஞ்சு விலை ஏறும்போது நூல் விலை உடன் ஏறுவதையும், பஞ்சு இறங்கும்போது நூல் தயங்கித் தயங்கி இறங்குவதையும் சங்கக் கணக்கேடுகளில் நாம் காண்கிறோம். ஆகவே, குடியானவர் கெட்டால் நெசவாளர் பிழைப்பார் என்பது கணக்குக்கு ஒவ்வாத கூற்று. இதன் மறுபக்கமும் உண்மை: குடியானவருக்குக் குவிண்டாலுக்கு ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கிடைத்தாலும் நெசவாளரின் தறி நின்றுவிடாது.

நெசவாளரின் துயர் எங்கே?

நெசவாளரின் துயர் பொய்யன்று. அதன் வேர் பருத்திக் காட்டில் இல்லை என்பதே நாம் கூறுவது. 2009-10 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கைத்தறித் தொழிலாளர் 43.31 லட்சம் பேர். 2019-20 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 35.22 லட்சம் பேர். பத்தாண்டில் எட்டு லட்சம் பேர் குறைந்திருக்கின்றனர். விசைத்தறியில் நெய்த துணி கைத்தறி என்ற பெயரில் கடைகளில் விற்கப்படுகிறது. இதைத் தடுக்க 1985 இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. முதலில் 22 வகைகளாக இருந்த ஒதுக்கீடு பின்னர் 11 வகைகளாகச் சுருங்கிற்று. ஆலைகள் சிட்டா நூலாகக் கட்டித் தரவேண்டிய பங்கும் 2019 இல் 40 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அகில இந்தியக் கைத்தறி வாரியம் 2020 ஜூலையில் கலைக்கப்பட்டது. இச்செய்திகளும் பத்திரிகைகளில் வந்தவையே. ஆயினும் பருத்தி வரிச் செய்தியைப் போல் அவை திண்ணைகளில் பேசப்பட்டனவா? நமக்கு மெய்யாகவே தொடர்புள்ள செய்தி ஓசையின்றி வருவதும், நம்மைப் பிரிக்கும் செய்தி பேரொலியோடு வருவதும் சிந்திக்கத் தக்கவை.

பழைய அனுபவம்

தொலைதேசச் செய்தி நம் கரிசலை அசைப்பது புதிதன்று. 1861 இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டு, அந்நாட்டுப் பஞ்சு இங்கிலாந்தின் ஆலைகளுக்குச் செல்லாது தடைப்பட்டபோது, இந்தியப் பருத்திக்கு என்றுமில்லாத விலை கிடைத்தது. 1865 இல் போர் ஓய்ந்ததும் விலை சரிந்தது. ஏற்றம் நிலைக்கும் என நம்பிக் கடன்பட்டோர் இடர்ப்பட்டனர். அன்று குடியானவருக்குத் துணைநிற்க ஒரு சங்கம் இல்லை. கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்ததே 1904 இல்தான். இன்று சங்கம் இருக்கிறது. அதனைப் பயன்படுத்துகிறோமா என்பதே கேள்வி.

நம் வட்டத்து டி. கல்லுப்பட்டியில், காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தவர் பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பா. அமெரிக்காவில் பயின்றவர், கணக்குத் தணிக்கையில் தேர்ந்தவர், 1960 இல் மறைந்தார். ஒரு பொருளை வாங்குபவர் அதன் விலையை மட்டும் பார்த்தல் போதாது, அது எவர் உழைப்பில் எவ்வாறு உருவாயிற்று என்பதற்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. குடியானவரும் நெசவாளரும் முதலில் ஒருவர்க்கொருவர் இப்பொறுப்பை ஏற்றல் வேண்டும்.

செய்யத் தக்கவை

முதலாவது, எச்செய்தி வந்தாலும் மூன்று வினாக்கள் கேட்போம்: எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை? எவருக்குப் பொருந்தும்? நம் தராசில் அது எத்தனை ரூபாய்? மேற்கூறிய விலக்கு டிசம்பர் 31 வரை என்றால், புரட்டாசி, ஐப்பசியில் விதைத்துத் தை, மாசியில் எடுக்கும் நம் பருத்தி சந்தைக்கு வருமுன்பே அதன் கெடு முடிந்துவிடுகிறது. எனினும் அதற்குள் ஆலைக் கிடங்குகளில் வந்து சேர்ந்த பஞ்சு, கெடு முடிந்ததும் மறைந்துவிடாது. இவ்விரண்டையும் அறிந்தவரே அஞ்சவேண்டிய அளவுக்கு மட்டும் அஞ்சுவார்.

இரண்டாவது, குறைந்தபட்ச ஆதார விலை. 2025-26 பருவத்துக்கு நடுத்தர இழைப் பருத்திக்குக் குவிண்டாலுக்கு 7,710 ரூபாயும் நீண்ட இழைக்கு 8,110 ரூபாயும் அறிவிக்கப்பட்டன. ஆனால் அறிவித்த விலை தானே வீடு தேடி வராது. இந்தியப் பருத்திக் கழகத்திடம் விற்பதற்கு முன்பதிவு செய்ய 2025 இல் ‘கபாஸ் கிசான்’ என்னும் கைப்பேசிச் செயலி புகுத்தப்பட்டது. பருத்தியில் ஈரம் 8 சதவீதத்துக்கு மிகுந்தால் விலையில் பிடித்தம். 12 சதவீதத்தைக் கடந்தால் கொள்முதலே இல்லை. கைப்பேசியில் வதந்தி படிக்கத் தெரிந்த நம் இளைஞர்கள் அதே கைப்பேசியில் பெரியவர்களுக்குப் பதிவு செய்து தரலாகாதா? சங்கத்தின் களத்தில் பருத்தியை நன்கு உலர்த்தி, தரம் பிரித்து, பலர் சரக்கை ஒன்றாகச் சேர்த்து அனுப்பலாகாதா?

மூன்றாவது, ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் 20 வரை கொண்டாடப்படும் கூட்டுறவு வாரத்தில் கொடியேற்றிக் கலைவதோடு நில்லாமல், குடியானவர் சங்கமும் நெசவாளர் சங்கமும் ஒரு நாள் ஒன்றாய் அமரட்டும். ஆதார விலைக்குக் கொள்முதல் நிலையம் வேண்டுமென நெசவாளரும், கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தைக் கண்டிப்புடன் நிறைவேற்ற வேண்டுமெனக் குடியானவரும் தீர்மானம் முன்மொழியட்டும். தமக்காகத் தாமே கேட்பதைவிட, ஒருவருக்காக மற்றவர் கேட்கும் கோரிக்கைக்கு வலிமை மிகுதி. பருத்தி விற்ற பணத்தில் வீட்டுக்குத் துணி எடுக்கும்போது, குடியானவர் கைத்தறி முத்திரையைப் பார்த்து நெசவாளர் சங்கத்திலேயே எடுக்கட்டும்.

வரியும் விலக்கும் இனியும் மாறிமாறி வரும். அவற்றை நிர்ணயிக்கும் இடத்தில் நாம் இல்லை. ஆனால் அச்செய்தியைக் கேட்டதும் பக்கத்தில் இருப்பவரைப் பகைவராகப் பார்ப்பதா, பங்காளியாகப் பார்ப்பதா என்பது நம் கையில்தான் இருக்கிறது. “நான் கெட்டால்தான் நீ பிழைப்பாயா?” என்று கேட்ட குடியானவருக்குக் கணக்கேடு தரும் விடை ஒன்றே: இல்லை, நீங்கள் கெட்டால் நெசவாளர் கைக்கு எதுவும் வந்து சேராது.