விமானக் கூடத்தில் பிறந்த வண்டி வீடு

சிறகில்லாத விமானம் ஒன்று காரின் பின்னே ஓடி வந்தால் எப்படியிருக்கும்? அமெரிக்க நெடுஞ்சாலைகளில் காணப்படும் அலுமினிய டிரெய்லர்கள் அத்தகைய தோற்றமுடையவை. படுக்கையும் அடுப்பும் அலமாரியும் கொண்ட இவ்வண்டி வீடுகள் மெய்யாகவே விமானத் தொழிலின் வயிற்றில் பிறந்தவை.

1927-ல் லிண்ட்பர்க் தன்னந்தனியாக, இடையில் எங்கும் இறங்காமல் அட்லாண்டிக் மாகடலைக் கடந்தார். அவருடைய விமானம் சான் டியாகோவில் ரயன் தொழிற்சாலையில் உருவானபோது, அங்கே மேற்பார்வை செய்தவர் ஹாலி போலஸ். அவர் 1934-ல் ‘ரோட் சீஃப்’ என்னும் அலுமினிய டிரெய்லரைச் செய்தார்.

மரச்சட்டத்தின் மேல் பலகை அறைந்து டிரெய்லர் செய்வதே அன்றைய பொது வழக்கம். போலஸ் கையாண்டதோ விமான முறை. இதில் உலோகத் தோல் வெறும் போர்வையன்று; முட்டை ஓட்டைப் போலத் தானும் சுமை தாங்குகிறது. எனவே கனத்த சட்டங்களுக்குத் தேவை குறைகிறது.

இதற்கு உதவியது டியூராலுமின். அலுமினியம் இரும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. ஆனால் தூய நிலையில் மெதுவானது. சிறிதளவு செம்பும் மக்னீசியமும் கலந்து, சூடேற்றி, நீரில் குளிர்வித்து வைத்தால், அது நாட்பட நாட்படத் தானே உறுதி பெறுகிறது. இதனை ஜெர்மானியரான ஆல்பிரட் வில்ம் 1906-ல் கண்டறிந்தார். பற்றவைத்தால் அவ்வெப்பத்தில் இந்த உறுதி குறைந்துவிடும். ஆகவேதான் தகடுகளை ரிவெட் ஆணிகளால் இணைக்கிறார்கள்.

வடிவத்திற்கும் காரணம் உண்டு. வேகம் இரு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகிறது. முனைகள் வளைந்து வால் குறுகினால் இழுக்கும் காருக்குப் பாரம் குறையும்.

இத்தனை இருந்தும் போலஸின் தொழில் 1936-ல் நின்றுபோனது. அக்கருத்தைக் கையிலெடுத்தவர் வாலி பயம். விளம்பரத் துறையிலிருந்து வந்த அவர், 1931-ல் ‘ஏர்ஸ்ட்ரீம்’ நிறுவனத்தைத் தொடங்கியவர். போலஸின் வண்டிக்கு வாயில் முன்புறம், காருடன் பூட்டும் இடத்திற்கு மேலே இருந்தது. பயம் அதைப் பக்கவாட்டுக்கு மாற்றி, 1936-ல் ‘கிளிப்பர்’ வண்டியை 1,200 டாலருக்கு விற்றார். பொருளாதார மந்தக் காலத்தில் அது பெருந்தொகை!

போர் வந்தது, அலுமினியம் முழுவதும் விமானங்களுக்கே போயிற்று. பயமும் விமானத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். போர் முடிந்ததும் நிலைமை தலைகீழாயிற்று. டல்சா நகரில் ஸ்பார்ட்டன் விமான நிறுவனம், அதன் அதிபர் பால் கெட்டியின் கீழ், டிரெய்லர் செய்யத் தொடங்கியது. பயம் தம் தொழிலை மீண்டும் தொடங்கி, 1952-ல் ஒஹையோ மாநிலத்து ஜாக்சன் சென்டரில் ஆலை அமைத்தார். அங்கே இன்றும் ஏர்ஸ்ட்ரீம் வண்டிகள் உருவாகின்றன. 1969-ல் சந்திரனிலிருந்து மீண்ட அப்போலோ 11 வீரர்கள் மூவரையும் தனிமைப்படுத்தி வைத்ததும் மாற்றியமைக்கப்பட்ட ஓர் ஏர்ஸ்ட்ரீம் வண்டியில்தான்.

நல்ல கருத்து மட்டும் ஒரு தொழிலை வாழவைப்பதில்லை. போலஸே அதற்குச் சான்று. ஆனால் தொழிற்சாலையின் கதவு மூடப்பட்டாலும் அங்கே பிறந்த செய்முறை சாவதில்லை. அதன் அருமை அறிந்தவன் கைக்குப் போய்ச் சேர்ந்து, அது மீண்டும் உயிர் பெறுகிறது. ஆய்வுக்கூடத்தில் நாளைக் கழிக்கும் நாம் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி இது.