18 வயதோடு நிற்காத தாபரிப்பு

தர்மபுரத்தில் மாதர் சங்கச் செயலாளராக இருப்பதால், தாபரிப்புக் காசு நின்றுபோன தாய்மார் என்னைத் தேடி வருவார்கள். பலரும் சொல்வது ஒன்றுதான்: "பிள்ளைக்கு 18 முடிஞ்சுது அக்கா, இனி அவரிட்டைக் கேக்கேலாதாம்." அப்படிச் சொல்லிவைப்பவர் பெரும்பாலும் அந்தத் தகப்பனேதான்.

அது பிழை. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டப்படி, 18க்கும் 25க்கும் இடைப்பட்ட பிள்ளை தன்னைப் பராமரிக்க இயலாமல் இருந்தால், வசதியுள்ள பெற்றோர் பராமரிக்கத்தான் வேண்டும். வசதியுள்ள தாய்க்கும் இதே கடமை உண்டு.

ஆனால் 18க்குப் பிறகு பிள்ளையே தன் பெயரில் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். அங்கேதான் பிள்ளைகள் உடைந்துபோகிறார்கள். எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளை உயர்தரம் சித்தியடைந்து அறிவியல்நகர் விவசாய பீடத்துக்குத் தெரிவானாள். தகப்பன் வவுனியாவில் வேறு குடும்பத்தோடு, லொறி ஓட்டுகிறார். 18 முடிந்த அடுத்த மாதமே காசை நிறுத்திவிட்டார். வழக்குப் போடலாம் என்றதும் அவள் அழுதாள்.

"அப்பாவைக் கோட்டுக்கு இழுக்கச் சொல்லுறியளோ அன்ரி?"

"கொம்மா வெய்யிலுக்குள்ள கச்சான் புடுங்கப் போறா, பிள்ளை. அதைப் பார்த்துக்கொண்டு இருக்கலாமோ?"

பிறகு அவளாகவே வந்தாள். பரந்தனில் பஸ் மாறிக் கிளிநொச்சிக்குப் போனோம். இரண்டாம் தவணையில் தகப்பன் மாதாமாதம் தர ஒப்புக்கொண்டார். இரு பெற்றோரின் வருமானத்தையும் பிள்ளையின் நிலைமையையும் பார்த்தே நீதவான் தொகையைத் தீர்மானிப்பார். கட்டாவிட்டால் பிடியாணை, மறியல் வரை போகும். சம்பளகாரர் என்றால் சம்பளத்திலேயே கழிப்பிக்கலாம்.

25 என்ற எல்லை எங்கள் படிப்புக்குப் பொருத்தமானது என்றே நினைக்கிறேன். உயர்தரம் எழுதும்போதே 19 ஆகிவிடும். வெட்டுப்புள்ளி வந்து, பல்கலைக்கழகம் திறந்து, நான்கு வருடம் படித்து முடிக்க 24, 25 சாதாரணம். மகாபொலக் காசு விடுதிச் சாப்பாட்டுக்கே காணாது. இதை அநியாயம் என்பவர்கள் கனடாவைப் பார்க்கட்டும்: படிப்பு முடியாத, தன் காலில் நிற்க முடியாத வளர்ந்த பிள்ளைக்கும் அங்கே விவாகரத்துச் சட்டப்படி பணம் கேட்கலாம்.

உடலாலோ மனத்தாலோ இயலாமையுள்ள, தன்னைப் பராமரிக்க முடியாத பிள்ளைக்கு 25 என்ற எல்லையே இல்லை. இதை எங்கள் ஊருக்கு உரக்கச் சொல்லவேண்டும். போர் நடந்த 2009 ஜனவரியில் தர்மபுரம் வைத்தியசாலையை நிறைத்த காயக்காரரில் குழந்தைகளும் இருந்தார்கள். அவர்கள் இன்று பெரியவர்கள். அப்படியான மகனைத் தனியே தூக்கிக் குளிப்பாட்டும் தாய், "வளந்திட்டான், இனி யாரைக் கேக்கிறது" என்று பேசாமல் இருக்கத் தேவையில்லை. அவனுக்காக அவளே விண்ணப்பிக்கலாம்.

சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. போகும்போது பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, படிக்கும் பிள்ளையென்றால் பல்கலைக்கழகக் கடிதம், இயலாமையென்றால் வைத்திய அறிக்கை ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். பழைய தாபரிப்புக் கட்டளையின் பிரதியை எறிந்துவிடாதீர்கள். வழக்கு இலக்கம் அதில் இருக்கும்.